அத்தி ஓடையில் கிழவர்

ஒல்கெரி முகாம், மாரா
செப்டம்பர் 12

சங்காலேவுக்கு,

நீ நான்கு முறை போன் செய்தாய். நான்கு முறையும் நான்தான் துண்டித்தேன். கோபத்தால் மட்டும் அல்ல. உன் குரலைக் காதில் வாங்க என்னால் முடியவில்லை. கடிதம் என்றால் பிடிக்காத இடத்தில் மடித்து வைத்துவிடலாம். அதனால் எழுது, பேசாதே. இதை உன்னோடு வண்டி ஓட்டிய திபாபேயிடம் கொடுத்திருக்கிறேன். விமானத் திடலில் யாராவது சம்புரு பக்கம் போகிறவர்கள் கையில் சேர்த்துவிடுவதாகச் சொன்னான்.

என் வீட்டுக்காரரைப் புதைத்து மூன்றாம் நாளே கிளம்பிப் போய்விட்டாய். நான்காம் நாள் காலையில் எங்கள் எல்லோருக்கும் தலை மழித்தார்கள். நோசிம் தன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே, "மாமாவுக்கு யாரும்மா மொட்டை போடுவாங்க?" என்று கேட்டாள். ஆறு வயதுக் குழந்தைக்கு உறைத்தது உனக்கு உறைக்கவில்லை. என் வீட்டுக்காரர் உனக்கு மச்சான் மட்டுமா? இந்த முகாமில் விருந்தாளிகளுக்குக் காடு காட்டி வண்டி ஓட்டும் வேலையை உனக்கு வாங்கிக் கொடுத்தவர் யார்?

சரி, அதை விடு. நான் எழுதுவது வேறு விஷயத்துக்கு. போன வாரம் வனவிலங்குக் காப்பகக் கமிட்டி ஆட்கள் வந்தார்கள். அவருடைய பையில் ஆறு கம்பிக் கண்ணிகள் இருந்தனவாம். அவருடைய ரோந்து எல்லை ஓடைக்கு மேற்கேயே முடிந்துவிடுகிறது, அத்தி ஓடைக்கு அவர் ஏன் போனார் என்று கேட்டார்கள். காவல் ஆள் எவனானாலும் கண்ணியைக் கண்டால், எல்லையைத் தாண்டினால், உடனே ரேடியோவில் இடத்தைச் சொல்ல வேண்டும். அன்று அவரிடமிருந்து அழைப்பே வரவில்லை என்று எல்லா ஓட்டுநர்களும் சொல்லிவிட்டார்களாம். அதனால் அவர் கண்ணியை எடுக்கப் போகவில்லை, வைக்கப் போனார் என்கிறார்கள். கடைத்தெருவில் இன்னும் மோசம். "திருடப் போன எடத்துல எருமை குத்திருச்சு" என்று என் காதுபடவே ஒருத்தி சொல்கிறாள்.

பதினொரு வருடம் அந்த மனிதர் கண்ணி பிடுங்கிப் பிடுங்கிக் கையெல்லாம் கீறல். வீட்டில் ஒரு துண்டு காட்டுக்கறி வெந்ததில்லை, உனக்கே தெரியும்.

அக்டோபர் 20-ஆம் தேதி கமிட்டி கூடுகிறது. காவல் ஆட்கள் பட்டியலிலிருந்து அவரை நீக்கப்போகிறார்கள். நீக்கும்போது பெயரைச் சத்தமாக வாசிப்பார்கள். செத்தவர் பெயரை நாம் வீட்டுக்குள்ளே கூடச் சொல்வதில்லை. அவர்கள் ஊர் நடுவில் அந்தப் பெயரோடு திருடன் என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்லப்போகிறார்கள். நோசிம் காதிலும் விழும்.

அன்று முழுவதும் நீ வண்டியில் ரேடியோ பக்கத்தில் இருந்தாய். அவர் ஏதாவது சொன்னாரா? கடைசியாக என்ன சொன்னார்? எனக்கு வேண்டியது இது ஒன்றுதான்.

சிலாந்தோய்


சம்புரு
செப்டம்பர் 24

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை ஒரு தக்காளிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு மூலை முழுக்கச் சாறு. இருந்தாலும் எல்லாம் படிக்க முடிந்தது.

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆறு வற்றி மணலாகிவிட்டது, யானைகள் தோண்டித் தண்ணீர் குடிக்கின்றன. சமையல்காரன் சோளமாவில் உகாலி கிளறினால் பாதி வேகாமல் இருக்கிறது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று எழுதினால் நீ திட்டுவாய், ஆகவே எழுதவில்லை.

அன்றைய நாளை அப்படியே எழுதுகிறேன், நீயே பார். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். ஹாலந்துக்காரக் கணவன் மனைவி, இரண்டு பேர்தான். அந்த ஆளின் கேமரா நம் நோசிம் உயரம் இருக்கும். முதல் நாள் வரிக்குதிரையைக் கண்டு கண் கலங்கியவர்கள், அன்று மூன்றாம் நாள், கழுதையைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். மேட்டுப் பக்கம் ஐந்து கழுதைப்புலிகள் ஒரு காட்டுமாட்டைப் பிய்த்துக்கொண்டிருந்தன. அந்த அம்மா முகத்தை மூடிக்கொண்டு விரல் இடுக்கு வழியாகப் பார்த்தார். அப்புறம் இரண்டு பெண் சிங்கங்கள், நான்கு குட்டிகள். ஒரு குட்டி தாயின் வாலைக் கடித்து அறை வாங்கியது. அரை மணி நேரம் நின்றோம். நடுவில் முகாம் வண்டி ஒன்று வந்து பெட்ரோல் கொடுத்தது, இருபது லிட்டர். ஒன்பது மணிக்குத் தனிமரத்தடியில் காலைச் சாப்பாடு, அவித்த முட்டை, எண்ணெயில் பொரித்த மந்தாசி, பிளாஸ்கில் டீ.

அவர்களுக்குச் சிறுத்தை வேண்டும். மறுநாள் விமானம். "இன்னைக்குப் பாக்கலேன்னா ஊருக்குப் போயி என்னத்தச் சொல்றது?" என்று அந்த ஆள் என் தோளைத் தட்டித் தட்டிக் கேட்டார். பதினொரு மணிக்குத் தாலேக் ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிறுத்தையைக் கண்டுபிடித்தோம். இம்பாலா மான் குட்டியைக் கிளை மேலே தூக்கி வைத்து, முதலில் தொடையைத் தின்றது. சுற்றிப் பதினோரு வண்டிகள். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்குப் பெருமையாக இருந்தது, மறைக்கவில்லை.

நான்கு மணிக்குத்தான் அந்தச் செய்தி வந்தது. அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியும்.

மச்சான் உதவி கேட்டு ரேடியோவில் கூப்பிட்டதை நான் கேட்கவில்லை அக்கா. யாருமே கேட்கவில்லை. கமிட்டி போனில் கேட்டபோதும் இதைத்தான் சொன்னேன். நோசிமுக்கு இங்கே ஒரு பாசிமணி வாங்கியிருக்கிறேன். ஆள் கிடைத்தால் அனுப்புகிறேன்.

உன் தம்பி
சங்காலே


ஒல்கெரி முகாம்
அக்டோபர் 3

சங்காலேவுக்கு,

மூன்று முறை படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். சிறுத்தை எதை முதலில் தின்றது என்பது வரைக்கும் எழுதியவன், இருபது லிட்டர் பெட்ரோலையும் விடாதவன், ஒன்பது மணியிலிருந்து பதினொரு மணி வரை ஒரு வரி எழுதவில்லை. டீ குடிக்க இரண்டு மணி நேரமா?

இன்னொன்று சொல்கிறேன், கேள். பன்னிரண்டு வருடமாக இந்த முகாமில் விரிப்பு துவைத்துத் தேய்க்கிறவள் நான். தேய்க்கிற அறைக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு ரேடியோ பெட்டி நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருக்கிறது. விருந்தாளிகளுக்குப் புரியக்கூடாது என்று நீங்கள் வைத்திருக்கிற பெயர்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். சிங்கம் என்றால் மீசை. சிறுத்தை என்றால் புள்ளி. கூட்டத்தை விட்டுத் தனியாகத் திரிகிற கிழட்டு எருமை என்றால் கிழவர். முப்பது வயதில் தலை நரைத்ததால் என் வீட்டுக்காரருக்கும் நீங்கள் அதே பெயரை வைத்தீர்கள். அவரும் கோபித்துக்கொள்ளாமல், ரேடியோவை எடுத்தாலே "கிழவர் பேசறேன்" என்றுதான் ஆரம்பிப்பார்.

இப்போது எருமைக்குக் கிழவர் என்று ஒருவரும் சொல்வதில்லை. பாறை என்கிறார்கள். "ஆத்தோரம் ஒரு பாறை", "பாறை எந்திரிச்சிருச்சு". முதலில் கேட்டபோது என் மனது நெகிழ்ந்துவிட்டது. செத்தவர் பெயரைச் சொல்லக்கூடாது என்று இந்த முரடர்கள் பட்டப்பெயரைக் கூட விட்டுவிட்டார்களே என்று நினைத்தேன். திபாபே விரிப்பு வாங்க வந்தபோது டீ கொடுத்துக் கேட்டேன்.

"எருமைக்குப் பேரு மாத்திட்டீங்களா?"

"மச்சானுக்கு மரியாதைக்கா."

"பக்கத்து முகாம் ஆளுங்களும் அவரோட பழகினவங்கதான? அவங்க இன்னும் கிழவர்னுதான் சொல்றாங்க. நேத்து பொட்டியத் திருப்பிக் கேட்டேன். உங்க சேனல்ல மட்டும் என்னடா அப்படி மரியாதை?"

அவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். விரிப்பையும் எடுக்கவில்லை.

அன்றைக்கு நான் மேட்டு முகாமில் கூடாரம் துப்புரவு செய்யப் போயிருந்தேன். பெட்டி பக்கத்தில் இல்லை. இருந்திருந்தால் உன்னிடம் கெஞ்ச வேண்டியிருக்காது.

பத்து ஓட்டுநர்களும், அவரைப் புதைத்த மறுநாளே, ஒரே நாளில் ஒரு சொல்லைக் கைவிட்டிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை உங்களால் வாயில் எடுக்க முடியவில்லை. அன்று அந்தச் சொல் ரேடியோவில் வந்திருக்கிறது. வந்ததா இல்லையா? உதவி கேட்டுக் கூப்பிட்டதைக் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். நான் கேட்டது அதையா? அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

பதினேழு நாள்தான் இருக்கிறது. பாசிமணி அனுப்பாதே.

சிலாந்தோய்


சம்புரு
அக்டோபர் 9

அக்கா,

எழுதுகிறேன். இதைப் படித்தபிறகு நீ எனக்கு எழுத மாட்டாய். இருந்தாலும் எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் பன்னிரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை, அது உனக்குத் தெரியும். இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சோறு போட்டு, இரண்டு பேரையும் திட்டினாய். ஆகஸ்ட் நடுவில் நான் பாதையை விட்டு இறங்கிச் சிவிங்கிப்புலிக் குட்டிகளுக்குப் பத்தடியில் வண்டியை நிறுத்தினேன். என் வண்டி எண்ணை எழுதிக் கொடுத்தது மச்சான்தான். பத்து நாள் வண்டி தராமல் என்னை உட்கார வைத்துவிட்டார்கள். மற்றவர்கள் முன்னால், "சொந்த மச்சானே எழுதிக் குடுத்துட்டாரா, ஐயோ பாவம்" என்று கேலி. அவர் செய்தது சரி. குட்டிகளில் ஒன்றைத் தாய் அன்று விட்டுவிட்டே போனது. சரி என்பதால்தான் எனக்கு அத்தனை ஆத்திரம்.

அன்று விடிகாலையில் வண்டி கொட்டகையில் அவரே வந்து பேசினார். "சங்காலே, பின் டயர்ல காத்து கம்மியா இருக்குப்பா." நான், "அதையும் எழுதிக் குடுத்துருங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போனார். முகத்துக்கு நேரே நாங்கள் பேசியது அதுதான் கடைசி.

மணி பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும். தனிமரத்தடியிலிருந்து கிளம்பி வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன். ரேடியோவில் அவர் குரல் வந்தது. அவர் குரல்தான், எனக்குச் சந்தேகமே இல்லை. "கிழவர் கீழே. அத்தி ஓடை. தனியா." இவ்வளவுதான். குரல் கட்டிக்கொண்டு மெதுவாக இருந்தது. காவல் ஆட்கள் மிருகத்துக்குப் பக்கத்தில் இருந்தால் அப்படித்தான் பேசுவார்கள். கிழட்டு எருமை ஒன்று ஓடையில் தனியாகப் படுத்திருக்கிறது, விருந்தாளிகளைக் கூட்டி வாருங்கள் என்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். பத்து பேரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டோம். சத்தியமாகச் சொல்கிறேன்.

ஆனால் அக்கா, மற்ற ஒன்பது பேருக்கும் எனக்கும் வித்தியாசம் இருக்கிறது. கிழவர் என்று அவர் சொன்னாலே, "ஆளா, எருமையா?" என்று நான் கேட்பேன். அது எனக்கும் அவருக்கும் உள்ள வேடிக்கை, மற்றவர்கள் அதில் குறுக்கே வருவதில்லை. "ரெண்டும் ஒண்ணுதான்டா, ரெண்டும் சொன்ன பேச்சு கேக்காது" என்பார். ஏழு வருடமாக, வாரத்துக்கு நாலு தடவையாவது கேட்டிருப்பேன். எல்லோரும் ரேடியோவில் சிரிப்பார்கள். அன்று நான் அதைக் கேட்பதற்காக எல்லோரும் காத்திருந்தார்கள். கோபத்தில் நான் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் "ஆள்" என்று சொல்லியிருப்பார். ஒரு சொல். அத்தி ஓடை என் வண்டியிலிருந்து கால் மணி நேரம்.

பின் சீட்டிலிருந்து அந்த ஹாலந்துக்காரர், "என்னவாம்?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல, எருமை" என்று சொல்லிவிட்டு ஆற்றுப் பக்கம் திருப்பினேன். தொடையில் ரத்தக்குழாய் கிழிந்திருந்தது, மதியம் வரை உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னபோது நான் அங்கேதான் நின்றேன். நீ என் பக்கம் திரும்பி, "தம்பி, என்னடா சொல்றாரு இவரு?" என்று கேட்டாய். அதனால்தான் மூன்றாம் நாள் ஓடினேன்.

இந்தக் கடிதத்தைக் கமிட்டியில் வாசி. கண்ணி வைக்கிறவன் தான் இருக்கிற இடத்தைப் பத்து வண்டிகளுக்குச் சொல்ல மாட்டான். அது அவர்களுக்கும் தெரியும். நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே வாசி.

சங்காலே


ஒல்கெரி முகாம்
அக்டோபர் 13

சங்காலேவுக்கு,

படித்துவிட்டு விரிப்பு ஒன்றைத் தீய்த்துவிட்டேன். பன்னிரண்டு வருடத்தில் முதல் முறை.

உன்னை என்ன செய்தால் தகும் என்று எனக்குத் தெரியவில்லை. நீ பிறந்தபோது அம்மாவுக்குப் பால் இல்லை, வெள்ளாட்டுப் பாலைத் துணியில் நனைத்து உன் வாயில் வைத்தவள் நான். அன்று விட்டிருக்கலாம் என்று ஒரு ராத்திரி முழுக்க நினைத்தேன். இதை உனக்கு மறைக்க மாட்டேன்.

கடிதத்தை வாசிக்கப் போகிறேன். ஆனால் நீ இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. "கேட்கவில்லை" என்று எழுதியிருக்கிறாய். "ஒன்றும் சொல்லவில்லை" என்று எழுதவில்லை. ரேடியோவில் ஒருவர் பேசினால் நீங்கள் பதில் சொல்லாமல் விட மாட்டீர்கள், அதை நான் நாள் முழுக்கக் கேட்கிறவள். அவரைத் தூக்கும்போது ரேடியோ கையில்தான் இருந்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நீங்கள் பேசியதெல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும்.

பதில் சொன்னது யார்? என்ன சொன்னான்? அதற்கு அவர் என்ன சொன்னார்?

அவருடைய கடைசிப் பேச்சு எனக்குச் சேர வேண்டியது. அதை நீ வைத்துக்கொள்ளாதே.

சிலாந்தோய்


சம்புரு
அக்டோபர் 16

அக்கா,

பதில் சொன்னது நான்.

"கிடக்கட்டும் விடுங்க. கிழட்டு எருமைய இன்னைக்கு யாருக்கும் வேணாம்" என்றேன். எருமையைச் சொல்லவில்லை, அவரைக் குத்துவதற்காகச் சொன்னேன். பத்து பேர் கேட்கும்படி குத்த வேண்டும் என்றே சொன்னேன். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

பிறகு பொத்தானை அழுத்திய சத்தம் கேட்டது. மூச்சு மட்டும் வந்தது. அப்புறம் சொன்னார்.

"சரி."

அவ்வளவுதான் அக்கா. அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. பேச்சை முடிக்க நாங்கள் எல்லோரும் சொல்கிற 'சரி'தான் அது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். கால் மணி நேரத் தூரத்தில் உயிர் போய்க்கொண்டிருக்கும்போது, இன்னொரு முறை கூப்பிடக் கூடாதா? என் பெயரைச் சொல்லி ஒரு சத்தம் போடக் கூடாதா? சத்தம் போடச் சக்தி இல்லையா, இல்லை நான் தெரிந்தேதான் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாரா? இதைத்தான் ஐம்பது நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். வண்டியில் விருந்தாளி யாராவது "சரி" என்றால் கூட பிரேக்கை மிதித்துவிடுகிறேன்.

இனி என்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை.

சங்காலே


ஒல்கெரி முகாம்
அக்டோபர் 22

சங்காலேவுக்கு,

கமிட்டி கூடியது. ஒன்பதாம் தேதி எழுதிய கடிதத்தை நானே எழுந்து வாசித்தேன். பெண்கள் பேசுகிற இடமில்லை என்று ஒருவர் முணுமுணுத்தார். "அப்ப உங்கள்ல யாராச்சும் பேசுங்க, நான் உக்காந்துக்கறேன்" என்றேன். பிறகு திபாபே எழுந்தான். "நானும் கேட்டேன்" என்றான். அவனுக்குப் பின்னால் ஒவ்வொருவராக எழுந்தார்கள். அவனோடு சேர்த்து ஏழு பேர். மற்ற இரண்டு பேர் அன்று பார்த்துச் சவாரி வைத்துக்கொண்டார்கள்.

அவர் கண்ணி எடுக்கப் போனவர்தான் என்று எழுதிக்கொண்டார்கள். பட்டியலில் அவர் அப்படியே இருக்கிறார். கமிட்டித் தலைவர் அவருடைய பெயரைச் சொல்ல வாயெடுத்து, என் தலையைப் பார்த்துவிட்டு, "அவர்" என்று மட்டும் சொன்னார்.

எல்லோரும் என்னிடம் வந்து சந்தோஷம் என்றார்கள். எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. திருடன் என்றபோது சண்டை போட ஆட்கள் இருந்தார்கள். இப்போது யாரோடு சண்டை போடுவது? அவர்கள் ஏழு பேரும் நல்ல பிள்ளைகள். தினமும் என் கையிலிருந்து விரிப்பு வாங்கிப் போகிறார்கள்.

பதினாறாம் தேதிக் கடிதத்தை வாசிக்கவில்லை. அது என் பெட்டியில் இருக்கிறது. ஆனால் நேற்று நோசிம் கேட்டாள்.

"அப்பா கடைசியா என்னம்மா சொன்னாரு?"

பொய் சொல்ல வரவில்லை. "சரின்னு சொன்னாரு" என்றேன்.

"யாருகிட்ட?"

"மாமாகிட்ட."

"அப்ப மாமா மொதல்ல என்ன கேட்டாரு?"

அதை நீ வருகிற வரைக்கும் நான் சொல்லப்போவதில்லை. வந்து, அவள் எதிரில் உட்கார்ந்து, நீயே சொல்.

சிலாந்தோய்